அறுக்காத இறைச்சி

மே 13, செவ்வாய்

வீடியோ போட்டாச்சு. என் அண்ணன் றிஸான் நானாவின் இறைச்சிக் கடையில், கவுண்டருக்குப் பின்னால் நின்று எடுத்தது. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் இறைச்சியைப் பற்றி இவ்வளவு காலமும் யூடியூபிலும் றெடிட்டிலும் தேடித் தேடிப் படித்ததையெல்லாம் ஒரு சின்ன வீடியோவுக்குள் அடக்கிவிட்டேன். ஆட்டிலிருந்து ஊசிமுனையளவு சதை. அதைத் தொட்டியில் தீனி போட்டு வளர்த்தால் கறி. சோயா இல்லை, நிஜக் கறி. சிங்கப்பூரில் இப்படி வளர்த்த கோழியைச் சாப்பிட்டிருக்கிறார்கள். கனடாவில் இன்னும் விற்க விடவில்லை.

கடை ஆட்டிறைச்சித் துண்டொன்றைக் கையில் தூக்கிக் காட்டி, "பாக்க இப்பிடியேதான் இருக்கும், ஆனா ஒரு ஆட்டையும் அறுக்கேல்ல" என்று சொல்லும் இடம்தான் எனக்கு உயிர். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ரத்தம் கண்டால் தலை சுற்றுகிற எனக்கு இதைவிட நல்ல செய்தி உலகத்தில் உண்டா?

நானாவிடம் காட்டினேன். பாதிதான் பார்த்தார்.

"கடைப் பேர்ப்பலகை தெரியுதுதானே?"

"ஓம்."

"அப்ப விடு. ஓசி விளம்பரம்."

மே 15, வியாழன்

ஸித்தி அன்ரி வந்தா. கடை திறந்த நாளிலிருந்து வருகிறவா. "மகள், உன்ர வீடியோ பாத்தனான். லேப்பில செஞ்ச சாமான் எங்கட வயித்துக்குச் சரிவராது. அல்லாஹ் படைச்சதைச் சாப்பிடுவம்." சொல்லிக்கொண்டே பிரீஸரைத் திறந்து சிக்கன் நகெட் பெட்டியும் சொசேஜ் பைக்கெற்றும் எடுத்துக் கூடைக்குள் போட்டா. அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதில் பாதியை எனக்கே வாசிக்க வராது.

"அன்ரி, உதில என்னென்ன போட்டிருக்கெண்டு பாத்தனீங்களோ?"

"ஹலால் எண்டு போட்டிருக்கு. எனக்கு அது காணும்."

சிரிப்பு வந்தது. எனக்கு இவவைப் பிடிக்கும்.

மே 18, ஞாயிறு

யாரோ வெட்டிவிட்டார்கள்.

வீடியோவில் அந்த ஒரு வசனம் மட்டும். ஹலால் பலகைக்குக் கீழே நான் இறைச்சியோடு நிற்கிறேன், "ஒரு ஆட்டையும் அறுக்கேல்ல" என்று பல்லைக் காட்டிக்கொண்டு. கீழே எழுத்து: "வோபர்ன் கடை. அறுக்காத இறைச்சியை ஹலால் எண்டு விக்கினம். எல்லாருக்கும் அனுப்புங்கோ." பிக்கரிங்கில் இருக்கும் மாமி அதை உம்மாவின் வட்ஸப்புக்கு அனுப்பியிருக்கிறா.

நான் அதை நல்ல செய்தியாகச் சொன்னேன். அறுக்கவில்லை என்றால் எங்கள் ஆட்களுக்கு அது செத்த பிராணி. ஹராம், சாப்பிடக் கூடாதது. இது எனக்குத் தெரியாதா? மதரஸாவுக்குப் போனவள்தானே? இறைச்சிக் கடைக்குள்ள நிண்டுகொண்டு எப்பிடி யோசிக்காம விட்டன்?

மே 19, திங்கள்

விளக்க வீடியோ போட்டேன், ஆதாரங்களோடு. முதலாவதைவிடப் பல மடங்கு பேர் பார்த்திருக்கிறார்கள். இதுவரை கேள்விப்படாதவர்களும் இப்போது கேள்விப்பட்டுவிட்டார்கள். நல்ல வேலை செஞ்சன்.

மே 21, புதன்

குர்பான் ஓடர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு கொடுக்கிறவர்கள் நானாவிடம்தான் பெயர் கொடுப்பார்கள். அவர் ஒஷாவாவுக்கு வடக்கே உள்ள அறுப்புக்கூடத்தில் அவரவர் பெயரில் அறுப்பித்து, பங்கு பிரித்துக் கொண்டுவந்து கொடுப்பார். வருடம் முழுக்கக் கடையைத் தாங்குவது அந்த ஒரு பெருநாள்தான். அது போனால் கோடை முடியக் கடையைப் பூட்ட வேண்டும் என்று றீமா மச்சி, நானாவின் மனைவி, சொன்னா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா.

நானா வழமைபோல இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தார். ஏசுங்கோ நானா. ஏசினா நல்லம்.

மே 24, சனி

பெயரில்லாத எக்கவுண்டிலிருந்து ஒரு கமெண்ட். நான் படிக்கிற காலேஜின் பெயர். நான் ஏறுகிற பஸ். "அங்க வச்சுக் கதைப்பம்."

எப்பிடித் தெரியும்? தேடிப் பாத்தன். பழைய வீடியோ ஒண்டில எனக்குப் பின்னால எல்ஸ்மியர் பஸ் ஸ்டொப். இன்னொண்டில காலேஜ் ஐடி. எல்லாம் நானே போட்டது. என்னை ஒருத்தரும் ஒளிஞ்சு பாக்கேல்ல, நான்தான் காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

நானா பொலிசுக்குச் சொன்னார். எழுதிக்கொண்டு போனார்கள்.

மே 25, ஞாயிறு

எல்லா வீடியோவையும் அழித்தேன். அந்த வெட்டின துண்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மே 28, புதன்

உம்மா என்னோடு பஸ்ஸில் வருகிறா. எதிர் சீட்டில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் எழும்பி எங்கள் பக்கம் வந்தார்.

"நீங்கள் அந்த இறைச்சிப் பிள்ளைதானே?"

உம்மாதான் நிமிர்ந்தா. "ஓம். உங்களுக்கு என்ன வேணும்?"

"கோவிக்காதேங்கோ. என்ர பேர் பத்மநாதன், நான் சைவம். உதில உயிர்க்கொலை இல்லையெண்டால் நானும் சாப்பிடலாமோ எண்டு கேக்கத்தான்."

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தேன். பெல்லைத்தான் அடித்தேன். அடுத்த ஸ்டொப்பில் இறங்கிவிட்டோம், எங்கள் ஸ்டொப் இல்லை அது.

ஜூன் 1, ஞாயிறு

ஸித்தி அன்ரியும் ஓடரை நிறுத்த வந்துவிட்டா. மவுத்தாகி மண்ணுக்குள் போன அவவின் கணவர் அஸ்ஹர் அங்கிளின் பெயரில் வருடாவருடம் ஒரு ஆடு கொடுப்பா.

"நீ பொய் சொல்லமாட்டாய் எண்டு தெரியும் மகள். ஆனா இது அவருக்குக் குடுக்கிறது. சந்தேகத்தோட குடுக்கேலாது."

நானா கத்தியைக் கீழே வைத்தார். "அன்ரி, இவ்வளவு வருசமும் நீங்க ஆட்டைப் பாத்ததோ? பையில இறைச்சி வந்தது, கொண்டு போனீங்க. இந்த முறை காட்டுறன். ஆடு, கத்தி, எல்லாம் போனில நேர பாருங்கோ. கேக்கிற எல்லாருக்கும் காட்டுவன்."

"நீ அறுப்பு வேலையைப் பாப்பாய். போனை ஆர் பிடிக்கிறது?" அன்ரி கேட்டா.

நானா என்னைப் பார்த்தார். "கமராவுக்கு முன்னால நிண்டவதானே. இனிப் பின்னால நிக்கட்டும்."

அவர் என்னை ஏசியது அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

பெருநாளுக்கு முதல் நாள் பிடிக்கும் அரபா நோன்பு. சாப்பாடு இறங்காததற்கு இன்றைக்காவது ஒரு காரணம்.

ஜூன் 6, வெள்ளி. பெருநாள்

தொழுதுவிட்டு நேரே அறுப்புக்கூடம். போன் பிடிக்க நானா முதலே அனுமதி வாங்கியிருந்தார். வெள்ளைக் கோட், றப்பர் சப்பாத்து. ஈரச் சீமெந்து மணம். கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மூடினால் போன் எங்கேயோ போகிறது. திறந்துதான் வைக்க வேண்டியிருந்தது.

ஸித்தி அன்ரியின் முறை. பெருநாள் சாரியோடு திரையில் இருந்தா. "ஆட்டின்ர முகத்தைக் காட்டு மகள்." காட்டினேன். எதையோ மென்றுகொண்டு நின்றது. நானா அஸ்ஹர் அங்கிளின் பெயரைச் சொன்னார். பிஸ்மில்லாஹ் கேட்டது.

பிறகு திரையில் அன்ரி இல்லை. அவவின் வீட்டுக் கூரையும் லைற்றும்தான்.

"அன்ரி?"

"இருக்கிறன் மகள். என்னால பாக்கேலாது. நீ பாத்தனிதானே?"

"ஓம்."

"அறுத்ததோ?"

"அறுத்தது அன்ரி."

"உன்ர வாயால சொன்னாய். காணும்."

நிறுத்தியிருந்த கடை வானுக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தேன். வாயைக் கழுவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவர்களும் கத்தி வரும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அதற்கடுத்தவர்களும் அப்படித்தான். எல்லாருக்கும் காட்டப் போனேன். பாத்தது நான் மட்டும்.

ஜூன் 14, சனி

கடையில் கால் வைக்க இடமில்லை. ஸித்தி அன்ரி எல்லா குறூப்புக்கும் வொய்ஸ் அனுப்பியிருக்கிறா: "றிஸானின்ர தங்கச்சி நேர நிண்டு கண்ணால பாத்தவ. அவ சொன்னாச் சரி." பெயரில்லாதவன் அடங்கிவிட்டான். நான் இன்னும் சுற்றுவழி பஸ்ஸில்தான் போகிறேன்.

முன்பின் தெரியாத ஒரு அன்ரி ஆட்டுக்கால் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டா, "பிள்ளை, இது நீங்க பாத்ததோ?"

"இல்ல அன்ரி. வியாழக்கிழமை வந்தது."

அதைத் திருப்பி வைத்துவிட்டா. "அப்ப நீங்க பாத்தது எப்ப வரும்?"

பின்னால் நின்றவர்களும் பதிலுக்குப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நானாவைப் பார்த்தேன். நானா கத்தியைத் துடைத்தார்.

"செவ்வாய்க்கிழமை வாங்கோ அன்ரி" என்றார்.

கடை பூட்டும்போது பார்த்தேன். அறுப்புக்கூடத்துக்குப் போகும் வானின் முன் சீட்டில் எப்போதும் கிடக்கும் பெட்டிகளை மச்சி எடுத்துப் பின்னால் அடுக்கி, ஒரு ஆள் இருக்க இடம் செய்துகொண்டு நின்றா.