குரங்கோடு ஒரே பந்தி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலியைப் பற்றி மறைக்காமல் எழுது.

பாலம் உடைந்ததால் மிருகக்காட்சி சாலைக்குப் பத்து நாளாகக் காய்கறி, பழம் வரவில்லை. குளிர்பதனக் கிடங்கே காலி. அதைப் பராமரிக்கும் என்னையும் தீனி போட அனுப்பிவிட்டார்கள். கிழட்டுக் குரங்கு ஒன்று உலர்தீனியைத் தொடாமல் மூன்று நாள் பட்டினி கிடந்தது. பிழைக்காது என்று மருத்துவரே கைவிரித்தார்.

நீ எனக்குச் செய்ததையே செய்தேன். எதிரே உட்கார்ந்து, "உனக்குக் கிடையாது, போ!" என்று அதன் தீனியை நானே மென்றேன். ருசியைக் கேட்காதே. கம்பி வழியே கை நீண்டது!

"யாருப்பா சொல்லிக் குடுத்தா?" என்றார் மருத்துவர்.

"எங்கம்மா, சார். என்னையே சாப்பிட வச்சவங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

இப்போது நான் எதிரே இருந்தால்தான் அது சாப்பிடுகிறது. எனக்கும் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. மூடி இறுக்கமான டப்பா ஒன்று அனுப்பு. என் சோற்றிலும் கை வைக்கிறது. மணி ஒன்றாகிவிட்டது, காத்திருக்கும். வருகிறேன்.

உன் மகன்