ஒற்றைப்படைக் கரை

ஐப்பசி 4, 1949

வெயில். ஐப்பசி என்று பஞ்சாங்கத்தில்தான் இருக்கிறது. கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

காலையில் எம்.ரெட்டியபட்டி நாச்சியாரம்மா வில்வண்டியில் வந்தார்கள். இளைய மகளுக்குத் தையில் கல்யாணம். மறுவீட்டுக்குக் கட்ட எங்கள் தறியில் ஒரு சேலை வேண்டுமாம். கரை வரைகிற மாஸ்டர், என் வீட்டுக்காரர், பழைய மாதிரித் துணிகளை எடுத்து விரித்தார். அன்னம், தாழம்பூ, மாங்காய்.

“இதெல்லாம் மூத்தவளுக்கே கட்டியாச்சு மாஸ்டர். கரை புதுசா வரைங்க. இல்லேன்னா மதுரைக்குப் போயிருவோம்.”

“வரைஞ்சுருவோம்மா” என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

எப்படி வரைவார்? ஆடியிலிருந்து கட்டத்தாளில் ஒரு கோடு போட முடியவில்லை. நேரே பார்ப்பது எல்லாம் புகை. ஓரப் பார்வை மட்டும் மிச்சம். மதுரை டாக்டர் கண்ணாடிகூட எழுதித் தரவில்லை. வெளியில் யாருக்கும் சொல்லவில்லை, தறியில் உட்காரும் முத்தையாவைத் தவிர.

நான் அன்னம் வரைந்தால் காக்கை மாதிரி வரும். கணக்கு டீச்சர்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சீயக்காய், சொட்டு மருந்து.

ஐப்பசி 7

புழுக்கம். ஐந்தாம் பாரம் வகுப்பில் கூட்டல் முக்கோணம். உச்சியில் ஒன்று, இரு ஓரங்களிலும் ஒன்று, உள்ளே உள்ள ஒவ்வொரு எண்ணும் தன் தலைக்கு மேல் உள்ள இரண்டின் கூட்டல். பிள்ளைகள் கொட்டாவி. தூங்காமல் இருக்கட்டும் என்று, ஒற்றைப்படை எண்களை எல்லாம் சிவப்புச் சாக்பீஸில் அடைக்கச் சொன்னேன்.

பலகை நிறைந்ததும் கடைசி பெஞ்சுக்குப் போய் நின்று பார்த்தேன்.

பெரிய முக்கோணம். நடுவில் தலைகீழாக ஒரு வெற்று முக்கோணம். அதைச் சுற்றி மூன்று. அந்த மூன்றின் நடுவிலும் அதே வெற்று. அவற்றைச் சுற்றியும் மூன்று மூன்று.

“டீச்சர், யாரு இதுக்குள்ள கோபுரம் வச்சது?” முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி.

மணி அடித்தும் பலகையை அழிக்க விடவில்லை. இத்தனை வருடம் இதையே எழுதி எழுதி அழித்திருக்கிறேன்.

ஐப்பசி 8

பள்ளி விடுமுறை. கட்டத்தாளில் போட்டுப் பார்த்தேன். எண்ணே தேவையில்லை. மேலே உள்ள இரண்டில் ஒன்று மட்டும் சிவப்பா, கீழே சிவப்பு. இரண்டும் சிவப்பா, இரண்டும் வெள்ளையா, கீழே வெள்ளை. அவ்வளவுதான். இந்த விதியில் முக்கோணம் என்ற சொல்லே இல்லை. முக்கோணம் வருகிறது.

நடுவில் ஒரு கட்டம் தப்பாக அடைத்துவிட்டேன். தெரியாமல் கீழே வெகுதூரம் போய்விட்டேன். சரியாகப் போட்ட தாளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், இரண்டும் வேறுபடுகிற கட்டங்கள் மட்டும் ஒரு முக்கோணம். உள்ளே அதே வெற்று. தப்புக்கும் அதே விதி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“என்ன டீச்சர், அடிப்பிடிக்கிற வாசம் வருது?” என்றார் இவர்.

குழம்பு போச்சு.

அவரிடம் சொன்னேன். வாயால் சொன்னது அவருக்கு ஏறவில்லை. “அட்டையில குத்திக் காட்டு” என்றார்.

எங்கள் தறியின் தலையில் ஒரு பெட்டி உண்டு, ஜக்கார்டு. கரையின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. துளை இருந்தால் இழை ஏறும். இல்லையென்றால் கிடக்கும். சிவப்பு, வெள்ளை. கல்யாணமாகி வந்த நாள் முதல் தலைக்கு மேல் இது ஓடுகிறது. என் பாடத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஐப்பசி 11

மேகம் கூடிக் கலைந்தது. தலைவலி. அட்டை குத்தியதில் உள்ளங்கை கொப்புளம்.

இவர் அட்டைகளை வரிசையாக அடுக்கி விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். பாதியில் விரல் நின்றது. திரும்ப மேலே போய் மறுபடி தடவினார்.

“இது எங்கன போய் முடியுது?”

“முடியாதுங்க. இரட்டிப்பு இரட்டிப்பாப் பெருசாகும்.”

துளை இல்லாத நடு இடத்தில் விரலை வைத்தார். பிறகு, “நடுவுல இம்புட்டு வெறுமை ஆகாது. இழை பிடிப்பில்லாமத் தொங்கும். கட்டுறவ கால் மெட்டியில மாட்டிக் கிழியும். உள்ள நாலு புள்ளி வைக்கணும்.”

“ஒரு புள்ளி மாறினா கீழ எல்லாம் மாறிரும். கணக்கு கெட்டுப்போகும்.”

“சேலை கிழிஞ்சா கணக்கையா கட்டுவாக?”

சாப்பிடாமல் படுத்தேன். அவரும்.

ஐப்பசி 12

விடிந்ததும் வந்து நின்றார். “உன் கணக்கை நான் தொடலை. நீ கடைசி வரி வரைக்கும் போட்டு முடி. முடிஞ்ச பெறகு நான் புள்ளி வைக்கேன். அப்பக் கெடாதுல்ல?”

கெடாது. எனக்கு ஏன் தோன்றவில்லை?

பெரிய வெற்றிடங்களில் எல்லாம் கட்டைவிரலால் அளந்து அளந்து இடம் சொன்னார். நான் குத்தினேன். நான் என்றால் நட்டநடுவில் வைத்திருப்பேன். அவர் மேல் ஓரத்தில் நெருக்கமாகவும் கீழே போகப் போக விலக்கி விலக்கியும் வைக்கச் சொன்னார். தூற்றல் விழுகிற மாதிரி.

ஆடிக்குப் பிறகு அவர் போட்ட முதல் கரை.

ஐப்பசி 16

நல்ல மழை, பாளையம்பட்டிப் பக்கமிருந்து. தறிக்குழியில் ஈரம். இருந்தாலும் ஓட்டினோம். அரக்குச் சிவப்பு முக்கோணங்கள், அடியில் சந்தன நிறம்.

முத்தையா மிதிக்க மிதிக்க உச்சிப்புள்ளி, இரண்டு, விரிந்து, ஒரு முழு வரி. உடனே எல்லாம் மறைந்து ஓரங்களில் மட்டும் இரண்டு புள்ளி. அந்த இரண்டிலிருந்தும் மறுபடி. தாளில் நானே போட்டதுதான். ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் குனிந்து பார்த்தேன்.

“மாஸ்டர், இதை யாரு வரைஞ்சது?”

“யாரும் வரையலைலே. அதுவா வளருது. புள்ளி மட்டும் என்னோடது.”

மழை விட்டதும் நாச்சியாரம்மா வந்துவிட்டார்கள், கல்யாணச் சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர்கள். தறி ஓரத்தில் குனிந்தார்கள். நிமிரவே இல்லை.

“உத்துப் பாக்கப் பாக்க உள்ள கூட்டிட்டுப் போகுதே, டீச்சரம்மா. தலை சுத்துது.” அப்புறம் மெதுவாக, “தை முடியிற வரைக்கும் இதை வேற யாருக்கும் போட்டுறாதீக.”

வண்டி போனபின் இவர் தறிப்பக்கம் வந்தார். சேலையை நேரே பார்க்கவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, ஓரக்கண்ணில் அதைப் பிடித்தார். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறார்.

“சின்னதெல்லாம் தெரியலை. எல்லாத்தையும் சேத்து, பெருசு ஒண்ணு தெரியுது. முக்கோணம், நடுவுல வெறுமை. அது மட்டுந்தான்.”

“சின்னதும் அதேதாங்க” என்றேன். “உள்ள எம்புட்டுப் போனாலும் அதேதான். நீங்க பாக்கிறதுதான் எல்லாம்.”

கையை நீட்டிக் கரையில் ஒரு சின்ன முக்கோணத்தை விரலால் தேடிப் பிடித்தார். முகம் சன்னல் பக்கம்தான். விரலை எடுக்கவில்லை. முத்தையா மிதியை மிதிக்கவில்லை.