அஞ்சலையின் சாவிக்கொத்து

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காற்றே இல்லை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல். மறுபடி அலசல். சோப்பு தீர்ந்தது.

சாயங்காலம் பங்களா சீரியல். வெள்ளைக்காரன் காலத்துக் கதை. பழையதையே புது ஆட்களை வைத்து மறுபடி எடுத்திருக்கிறார்கள். இன்றும் ராணியம்மா அடித்தாள், வேலைக்காரி அஞ்சலை வாங்கிக்கொண்டாள். அம்மா டிவியைப் பார்த்துக் கத்தினாள்: "ஏண்டி மரம் மாரி நிக்கிற? சாவிக்கொத்த அவ மூஞ்சில வுட்டெறி!" மாடியில் வீட்டு ஓனரம்மாவும் (ஓ.அ.) இதைத்தான் பார்க்கிறாள். அஞ்சலை எங்களைப் போல் பேசும்போதெல்லாம் மேலே சிரிப்பு.

பழைய சீரியல் வந்தபோது எனக்குப் பத்து வயது. எங்களிடம் டிவி கிடையாது. ஓ.அ. வீட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். கடைசி வாரம், அஞ்சலை கையில் சாவிக்கொத்து. "மீன்காரி பொண்ணு வந்தா வூடே கவுச்சி நாறுது" என்று ஓ.அ. சன்னலைச் சாத்தினாள். மறக்கவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

மழைக்கு இருட்டி, ஏமாற்றியது. இறால் கம்பெனியில் உரிக்கிற மேசை முழுக்க சீரியல் பேச்சு.
செல்வி – ஓடிப்போவாள்.
கிரேஸ் அக்கா – சோற்றில் விஷம்.
நான் – சாவிக்கொத்து, மூஞ்சி.
"முடிவ மாத்திட்டாங்களாம்" என்று செல்வி தலையில் அடித்துச் சத்தியம்.

வீட்டுக்கு வந்தால் படியில் ஓ.அ. "இன்னா மாத்துனாலும் வேலக்காரி கால்லதாண்டி வுழுவா, ரெஜி. பழசுலயும் வுழுந்தா. நான்தான் பாத்தனே."

நான்தான் பாத்தனே! என்னைப் பார்க்கவிடாமல் சன்னலைச் சாத்தியவள். இந்த ஞாயிறு அவள் முடிவைப் பார்க்கக் கூடாது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கடைசி வாரம். அஞ்சலை சாவிக்கொத்தை எடுத்ததும் விளம்பரம். நழுவினேன். மாடிப்படிக்குக் கீழேதான் எல்லா மீட்டரும். ஓ.அ. வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் சுருட்டிக்கொண்டேன். மாடி இருட்டு. "ஐயோ, இப்பப் போயா!" ஓ.அ. குரல். காதில் தேன்.

ஓடி வந்து உட்கார்ந்தால் எங்கள் டிவியில் வெறும் புள்ளி. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, படம் இல்லை. தெரு முழுக்கக் கூச்சல். அப்புறம்தான் இந்த மடச்சிக்கு உறைத்தது. தெருவுக்கே கேபிள் பூஸ்டர் ஓ.அ. மொட்டைமாடியில். அவள் கரண்டில்தான் ஓடுகிறது. அதனால்தான் அவளுக்கு கேபிள் ஓசி.

திரும்ப மாட்டிவிடலாம் என்று போனால் படியடியில் டார்ச்சோடு கும்பல். "எவன்டா கட்டைய புடுங்குனது, கஸ்மாலம்!" நானும் சேர்ந்து திட்டினேன். வேறு கட்டை வாங்கி மாட்டுவதற்குள் செய்தி ஆரம்பம்.

அவளும் பார்க்கவில்லை. நானும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

செல்வி பார்த்திருக்கிறாள். அவள் தெருவில் கேபிள் இருந்தது. "ஒண்ணியும் மாத்தலடி. கால்ல வுழுந்து அழுதா, பேமானி." இறால் முள் விரலில் ஏறியது. ராணியம்மா மேல்கூட இவ்வளவு கோபம் வந்ததில்லை, அஞ்சலை மேல் வந்தது.

சாயங்காலம் எங்கள் சன்னலுக்கு வெளியே ஓ.அ. கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"ரெஜி, உங்க கம்பெனில எவளாச்சும் பாத்தாளா? கால்லதான வுழுந்தா?"

"இல்லம்மா. மாத்திட்டாங்க. சாவிக்கொத்த ராணியம்மா மூஞ்சிலயே எறிஞ்சா. காறித் துப்பிட்டு போய்கினே இருந்தா."

"அப்ப ராணியம்மா?"

"தன்னந்தனியா குந்திகினு அழுவுறா. ஒரு நாயி வர்ல."

இன்னும் ஏதோ கேட்க வந்தாள்.

"கவுச்சி அடிக்கும், அந்தாண்ட போங்கம்மா" என்று சன்னலைச் சாத்தினேன்.