செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ உயிரோடு இல்லை

லிபோவாட்ஸ்,
4 செப்டம்பர் 1987

அன்புத் தம்பி ராதிஷாவுக்கு,

நலமாக இருக்கிறாய்தானே? காரணத்தோடுதான் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த ஊரில் நீ உயிரோடு இல்லை. தயவுசெய்து போன் செய்துவிடாதே. பக்கத்து வீட்டு மிலுன்காவுக்கும் நமக்கும் ஒரே லைன்தான், மணி அடித்தாலே அவள் காதை வைத்துவிடுவாள்.

படக்காரர்கள் வந்திருப்பதாக எழுதியிருந்தேனே, அவர்கள் எடுப்பது உன் கதையைத்தான். ஆறு வருஷம் முன்பு சவ ஊர்வலத்தில் பாதிரியாரின் ஜெபத்துக்காக மேட்டில் டிராக்டரை நிறுத்தினாய், இழுவைப்பெட்டியின் பின்கதவு திறந்துகொண்டது, டாக்டர் விதக்கின் சவப்பெட்டி சந்தை இறக்கம் முழுக்கச் சறுக்கிப் போய் தர்பூசணிக் குவியலில் முட்டியது. அதெல்லாம் சிரிப்புப் படமாம். கடைசியில் டிராக்டர்காரன் செத்துப்போக, ஊர் அவனை மன்னித்துவிடுகிறதாம்.

அந்தக் கும்பலிலிருந்து ஒரு பெண் வந்து, யாராவது ஒரு ஆணின் போட்டோ வேண்டும் என்றாள். எங்கேயோ சுவரில் மாட்டத்தான் என்று நினைத்து, நீ டை கட்டியிருக்கும் படத்தைக் கொடுத்தேன். அவர்களோ அதைக் கறுப்புக் கட்டம் போட்டு மரண அறிவிப்பாக அச்சடித்து, பேருந்து நிறுத்தத்திலும் கோயில் கதவிலும் ஒட்டிவிட்டார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, படக்காரர்கள் எல்லோரும் நீஷ் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அறிவிப்பில் மிலிவோயே என்று படத்து டிராக்டர்காரனின் பெயர்தான் இருந்தது. இந்த ஊரில் பெயரை யார் படிக்கிறார்கள்? முகத்தைப் பார்ப்பார்கள், அடக்கம் எப்போது என்று கேட்பார்கள்.

முதலில் மிலுன்கா வந்தாள், கையில் துக்க வீட்டுக்கான காப்பித்தூளும் சர்க்கரையும். "பேரைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல பாரு, அச்சாபீஸ்காரனுக்கு என்ன கேடு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு விஷயம் புரிவதற்குள் தர்பூசணிக்காரன் தியோசாவ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறான். நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து எனக்கு அழுகல் பழமாகவே பொறுக்கிக் கொடுத்தவன்! உன் ஆத்மாவுக்காக நாலு சொட்டு ராக்கியா சாராயத்தைத் தரையில் ஊற்றி, மீதியைத் தொண்டையில் ஊற்றிக்கொண்டு, "முரட்டுப்பய, ஆனா மனசு தங்கம்" என்று அழுதான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறு வருஷமாக இந்த வாசலை யார் மிதித்தார்கள்? கூட்டத்தைப் பார்த்ததும் நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். நடிப்பில்லை தம்பி, உனக்காகத்தான் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன். அதுவரை செத்தவனாகவே இரு.

உன் அக்கா,
ரூஷா


கிராஸ்,
10 செப்டம்பர் 1987

அக்காவுக்கு,

தியோசாவ் தங்கம் என்றா சொன்னான்? அதே வார்த்தையா? நீயாகச் சேர்த்து எழுதவில்லையே? யார் யார் வந்தார்கள், என்னென்ன சொன்னார்கள், ஒன்று விடாமல் எழுது.

டாக்டரின் மனைவி தெசான்கா அம்மா வந்தாரா? அதை ஏன் எழுதவில்லை? அன்று ஊரே குடிகாரன் குடிகாரன் என்று என் மேல் பாய்ந்தபோது, அவர் மட்டும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். மற்றவர்கள் திட்டியதை நான் தாங்கியிருப்பேன். அவர் நின்ற நிலைதான் என்னை ஊரை விட்டுத் துரத்தியது.

இரண்டு முறை துணிமணியை அடுக்கினேன், இரண்டு முறையும் வெளியே எடுத்துப் போட்டேன். இந்த வெளிநாட்டு வேலையில் கை ஓடவில்லை. இப்போது வந்தால் மன்னிப்பார்களா, இல்லை பேயென்று ஓடுவார்களா? நீ இன்னும் சொல்லவில்லையென்றால் இப்போதைக்குச் சொல்லாதே. இல்லை, சொல்லிவிடு. வரட்டுமா அக்கா? ஒரு வார்த்தை எழுது.

ராதிஷா


லிபோவாட்ஸ்,
17 செப்டம்பர் 1987

அன்புத் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய் வரவில்லை; பிறகு நான் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. படக்காரர்கள் திரும்பி வந்தார்கள். எங்கள் படத்துக்கு ஒட்டிய மரண அறிவிப்பெல்லாம் மழையில் நனைந்துவிட்டதே என்று டைரக்டர் நடுச்சந்தையில் கத்தினார். அவ்வளவுதான், குட்டு உடைந்தது.

காப்பித்தூளைத் திருப்பிக் கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கடையில் காப்பி கிடைக்காத காலம், குறை சொல்ல முடியாது. மிலுன்கா சர்க்கரையையும் கேட்டாள். அதை நான் பிளம் ஜாமில் போட்டுவிட்டேன், ஒரு பாட்டில் ஜாம் கொடுத்தனுப்பினேன். "சாவுலகூட ஊரை ஏமாத்திட்டான்" என்று தியோசாவ் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். உன் மேல் இருந்த கோபம் இப்போது இரட்டிப்பாகிவிட்டது.

தெசான்கா அம்மா வந்திருந்தார். போன கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து பேசினார்.

"அன்னிக்கு நான் அழல ரூஷா. சிரிச்சேன். எங்க வீட்டுக்காரரு வாழ்நாள் பூரா எங்கயும் வேகமா போனதே இல்ல. அவரு அந்த இறக்கத்துல போன போக்கைப் பாத்து... கைக்குட்டைய வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டேன். உன் தம்பி குடிக்கலைன்னு எனக்குத் தெரியும், காலைல என் வீட்லதான் டீ குடிச்சான். ஆனா வாயத் தொறந்தா சிரிப்பு வந்துடும். என் மானத்தக் காப்பாத்திக்க அவனை ஓட விட்டுட்டேன்."

நீ உயிரோடு இருப்பது தெரிந்தால் இவர்தான் என்னை அதிகம் வெறுப்பார் என்று பயந்தேன். நேற்று மறுபடி வந்தார். "உசிரோடயா இருக்கான்? அப்ப வரச் சொல்லு. செத்துட்டான்னு நெனச்சு உன்கிட்ட சொன்னதெல்லாம் செல்லாது, அவன்கிட்டயே சொல்லணும்" என்றார்.

நான் உன்னை வற்புறுத்தவில்லை. ஆனால் ஒருமுறை உனக்காக அழுது முடித்துவிட்டேன் தம்பி. இன்னொரு முறை அழ என்னிடம் தெம்பில்லை.

ரூஷா


லிபோவாட்ஸ்,
26 செப்டம்பர் 1987, சனிக்கிழமை

அக்காவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துப் பதறாதே. காலைப் பேருந்தில் வந்து இறங்கினேன். உன் முகத்தில் விழிக்கத் தைரியம் வராமல் நேராகத் தெசான்கா அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் சமையலறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பச் சொல்கிறார்.

கதவைத் திறந்தவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "சரிவுல நிக்காதடா, உனக்கும் அதுக்கும் ஆகாது. உள்ள வா" என்றார். எனக்கு அழுகை வந்தது, அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார். இனி ஊரிடம் சொல்ல வேண்டுமாம். என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தை வழியாகவே நடக்கப் போகிறாராம், அந்த இறக்கத்திலேயே, சனிக்கிழமைக் கூட்டத்திலேயே. நல்ல செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அக்கா, வீட்டில் காத்திருக்காதே. பாதி வழி வந்து நில்.

உன் தம்பி,
ராதிஷா