நாலு தடவை ஊமையான அலாரம்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். என் கார் ஒயரிங் கடை ஷட்டரைத் தொட்டா கை சுடுது. பத்துலேர்ந்து பதினொண்ணு வரை கரண்ட் இல்லை.

தணிகாசலம் சாரோட வெள்ளைக் கார் மறுபடி வந்துச்சு. மூணாவது தடவை. அதே கம்ப்ளெய்ன்ட். ரிமோட்ல பூட்டினா லைட் மின்னுது, சைரன் மட்டும் கத்தல. பானெட்டைத் திறந்தா சைரன் கனெக்டர் கழண்டு தொங்குது. முதல் தடவை லூஸுன்னு அழுத்தி விட்டேன். போன வாரம் கனெக்டரே புதுசு போட்டேன். அதுவும் கழண்டுடுச்சு.

“இன்னாம்மா, ஒரு ஒயரு சொருகத் தெரியாதா? வூட்டுக்காரர் இல்லியா கடையில?”

என் வீட்டுக்காரருக்கு பல்பு மாத்தக்கூடத் தெரியாது. கார் கம்பெனி ஒயரிங் லைன்ல ஆறு வருஷம் நின்னது நான். சொல்லல. த. சார் ஒரு கார் கம்பெனியில லைன் சூப்பர்வைசர். அவர் சொல்லித்தான் கம்பெனி ஆளுங்க பாதிப் பேரு இந்தக் கடைக்கே வர்றாங்க.

மார்ச் 4, செவ்வாய்

த. சார் கார், பாத்தது:
ஃபியூஸ் — சரி.
எர்த் — சரி. சுரண்டி மறுபடி டைட் பண்ணேன்.
சைரனுக்கு 12 வோல்ட் — வருது.
கனெக்டர் லாக் — ‘டக்’னு நல்லா உக்காருது.

குலுங்கித்தான் கழலுதோன்னு ஒரகடம் ரோட்டுல லாரிப் பள்ளமா தேடி ஓட்டினேன். முதுகு போச்சு. கனெக்டர் அசையல. பத்து தடவை ரிமோட்ல பூட்டி, சாவியால கதவைத் திறந்து பாத்தேன். பத்து தடவையும் கத்துச்சு. எதிர் டீக்கடைக்காரர், “அக்கா, போதும்க்கா, காது போச்சு.”

கடைசியா கனெக்டரைச் சுத்தி கேபிள் டை, அந்த பிளாஸ்டிக் பட்டை, போட்டு இறுக்கினேன். இனிமே கழலவே கழலாது.

அரிசி, பினாயில் வாங்கணும்.

மார்ச் 10, திங்கள்

கழண்டுடுச்சு.

த. சார் வாரம் பூரா கம்பெனி பஸ்லதான் போறாரு. காரை ஞாயித்துக்கிழமைதான் எடுப்பாரு. நேத்து கோயிலுக்குப் போயிப் பூட்டினா சத்தம் இல்லையாம். இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போயி, வண்டியை எடுத்துக்கினு நாலரைக்கு கடைக்கு வந்துட்டாரு. கேபிள் டை ரெண்டு துண்டா கெடக்குது. எலி கடிச்சா பிசிறு இருக்கும். இது கத்தரிக்கோல்ல வெட்டினது.

“யாரோ கையால வெட்டியிருக்காங்க சார்”னேன்.

“யாரு வெட்டுவா? என் வூட்டு உள்ள நிக்கிற வண்டி. நான் திரும்பத் திரும்ப வரணும்னு நீயே இப்டி பண்ணிக்கினு கீறியா?”

மூணு பேர் எதிர்ல. எதையும் தொட விடாம, “வேற யாருன்னா நீயே கண்டுபுடிச்சு சொல்லு”ன்னுட்டு வண்டியை எடுத்துக்கினு போயிட்டாரு. சாயங்காலம் கம்பெனி ஆளுங்க குரூப்ல வாய்ஸ் மெசேஜ். “அந்தப் பொம்பள கடைக்கு யாரும் போகாதீங்க.” ஒருத்தர் எனக்கே அனுப்பி வெச்சாரு.

சாப்பிடல.

மார்ச் 11, செவ்வாய்

கண்டுபுடிச்சாதான் சோறுன்னு மீட்டரை எடுத்துக்கினு பிள்ளைப்பாக்கத்துல அவங்க வீட்டுக்கே போயிட்டேன். பதினொரு மணி. த. சார் ஷிப்ட்ல இருப்பாரு, தெரியும். வண்டி இருக்குற இடம், எலி, ஈரம், எல்லாத்தையும் பாக்கலாம்னு.

கேட்டு தாண்டறேன், காரோட நாலு லைட்டும் மின்னுது. சத்தம் இல்லை. பூட்டின வண்டியை ரிமோட் இல்லாம யாரோ திறந்தாத்தான் அப்படி மின்னும். திருடன்தான். பையிலேர்ந்து ஸ்பேனரை எடுத்துக்கினு கண்ணாடியில தட்டினேன்.

உள்ளே த. சாரோட வீட்டம்மா சுகுணா. டிரைவர் சீட்டு நுனியில, முதுகுக்குத் தலகாணி, புடவையைத் தூக்கிச் சொருகி, கால் கிளட்ச்ல. என்னைப் பாத்ததும் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

“அக்கா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

அழுதுக்கினே சொன்னா. கல்யாணத்துக்கு முன்னாடியே லைசன்ஸ் எடுத்தவ. எட்டு வருஷமா வண்டி தொடல. இப்ப ஒரு கம்பெனியில, செஞ்சு முடிச்ச காரை லைன்லேர்ந்து வண்டி நிறுத்துற யார்டுக்கு ஓட்ட பொம்பளைங்களைக் கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை டெஸ்ட். வீட்டுக்காரர்கிட்ட மூணு தடவை கேட்டிருக்கா. “இடிச்சிட்டு வருவ, ஊரு சிரிக்கும்”னாராம். ரிமோட் அவரோட போயிடும். இவகிட்ட இருக்குறது ரிமோட் இல்லாத வெறும் சாவி. அதுல திறந்தா சைரன் தெருவையே கூட்டும். அதான் அவர் குளிக்கிற நேரத்துல அவரோட ரிமோட்டை எடுத்து, பானெட்டைத் திறந்து ஒயரைப் பிடுங்கியிருக்கா, கடைசியா டையையும் வெட்டியிருக்கா. இன்ஜினைப் போட மாட்டாளாம். “காலும் கையும் பழகட்டும்னுதான்க்கா.”

எனக்குப் பாவமா இருக்கணும். ஆத்திரம்தான் வந்துச்சு. “உன்னால என் பேரு போச்சும்மா. குரூப்ல என்ன போட்டாருன்னு தெரியுமா உனக்கு?”

தெரியாதாம். மூஞ்சி வெளுத்துடுச்சு. “டெஸ்ட் முடிஞ்சதும் நானே சொல்றேன்க்கா. வெள்ளி வரைக்கும்.”

சரின்னு சொல்லல. முடியாதுன்னும் சொல்லல. வந்துட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ரெண்டு நாளா ஒரு வண்டி இல்லை. ஒரு ஆட்டோ ஹாரன் மட்டும்.

த. சார் போன்: “இன்னா, கண்டுபுடிச்சியா இல்லியா?”

தொண்டை வரைக்கும் வந்துச்சு. “பாத்துக்கினு இருக்கேன் சார்.”

“நீ பாத்து கிழிச்ச.”

என் வீட்டுக்காரர் சொல்றாரு, “சொல்லிட்டுப் போயேன், உனக்கு என்ன வந்துச்சு?” என்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அவ கால் கிளட்ச்சை அழுத்தின விதம் கண்ணுலயே நிக்குது. இவரோட சண்டை. பாத்திரம் எல்லாம் சத்தமா கழுவினேன்.

மார்ச் 15, சனி

டெஸ்ட்ல ஃபெயில். ரிவர்ஸ்ல ரெண்டு தடவை வண்டி ஆஃப் ஆயிடுச்சாம். அடுத்த மாசம் மறுபடி வரச் சொல்லியிருக்காங்களாம். வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டா. இதெல்லாம் த. சார் வாயாலயே கேட்டேன். நாலு மணிக்கு கடை வாசல்ல வந்து நின்னாரு. உக்காரல.

“உனக்குத் தெரியும், இல்ல?”

“செவ்வாய்க்கிழமை தெரிஞ்சுது.”

“அப்பறம் ஏன் அவ்ளோ திட்டு வாங்கின?”

மீட்டர் ஒயரைச் சுத்திக்கினே இருந்தேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அவ?”

“கேட்டாங்களாம் சார். மூணு தடவை.”

பாக்கெட்லேர்ந்து ரிமோட்டை எடுத்து மேஜை மேல வெச்சாரு. அப்பறம், “இன்னொரு ரிமோட் போட்டுத் தர முடியுமா?”

கனெக்டரை மாட்டினேன். ரெண்டாவது ரிமோட்டுக்கு கோடிங் நாலு தடவை தப்பாப் போயி அஞ்சாவதுல ஏறிச்சு. ரெண்டு ரிமோட்டும் வேலை செய்யுது. சைரன் கத்துது. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரல. குரூப்ல போட்டதை எடுத்தாரான்னும் தெரியல. நானும் கேக்கல.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிஞ்சு வர்ற வழியில இருங்காட்டுக்கோட்டை தாண்டி, மனைக்கல்லு நட்டுப் போட்டிருக்குற காலி இடத்துல அந்த வெள்ளைக் கார். சுகுணா ஓட்டறா. பக்கத்துல த. சார், ஒரு கை ஹேண்ட் பிரேக்ல. கண்ணாடி இறங்கியிருக்கு, கத்தறது ரோடு வரைக்கும் கேக்குது. “கிளட்ச்சு! கிளட்ச்சுடி!” ரிவர்ஸ்ல வந்த வண்டி ஒரு மனைக்கல்லைச் சாய்ச்சிட்டு ஆஃப் ஆச்சு. அவ அவரைத் திரும்பிக்கூட பாக்கல. மறுபடி ஸ்டார்ட் பண்ணா.

என் வீட்டுக்காரர் பைக்கை நிறுத்தப் போனாரு. நிறுத்த வேணாம்னுட்டேன். அந்த மனுஷன் மேல கோவம் இன்னும் போகல.