கென்யாவுக்குப் போன சனிக்கிழமை

11 ஏப்ரல், வெள்ளி

காலையில் குளிர்காற்று. மெல்பேண் ஓரத்தில் எங்கள் டார்னெய்ட் முழுக்கப் புதுவீட்டுத் தூசி. நான் வேலை செய்யும் ட்ருகனினா வெயர்ஹவுஸில் குலுக்கல் பரிசு எனக்கு. விலங்குப் பூங்காவில் ஆபிரிக்கக் கூடாரத்தில் ஓர் இரவு, இரண்டு பேருக்கு, சாப்பாட்டோடு. குலுக்கல் என்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட என்னைப்போல் விக்டோரியாவிலேயே ஆள் இல்லை, அது மனேஜருக்குத் தெரியும்.

என் அறையில் இருக்கும் அன்ரனும் வருகிறான். கொண்டுபோக: தொப்பி, சார்ஜர், மிக்சர், பனடோல்.

மனைவி ஜெசிந்தா மன்னாரிலிருந்து போன் எடுத்தாள். சகலன் கனடாவிலிருந்து பாரிசுக்குப் போய்ப் படம் அனுப்பியிருக்கிறாராம். தன் தங்கச்சிக்குக் கால் நிலத்தில் இல்லையாம். கேட்டுக்கொண்டிருந்தேன்.

12 ஏப்ரல், சனி

கூடாரம் என்கிறார்கள், உள்ளே கட்டில், ஹீட்டர், சுடுதண்ணீர். முகாம்களில் நான் படுத்த கூடாரங்கள் வேறு.

ஒட்டகச்சிவிங்கி ஐந்து. காண்டாமிருகம் இரண்டு. வரிக்குதிரை நிறைய. சிங்கம் என்னைக் கண்டும் எழும்பவில்லை, பயமாக இருக்கும்.

வழிகாட்டி லெமையன். கென்யாவில் மாசாய் இனத்து ஆள், இங்கே வேலை. சிவப்புக் கட்டம் போட்ட துணி தோளில். எங்கள் சாரம்தான், கட்டும் இடம்தான் வேறு. அவர்கள் மாட்டை எண்ண மாட்டார்களாம். நிறத்தையும் கொம்பையும் பார்த்தே எது திரும்பி வரவில்லை என்று சொல்லிவிடுவார்களாம். நம்பினேன்.

பிறகு அவர்களின் ஆட்டம். முழங்காலை மடக்காமல் நின்ற இடத்தில் மேலே குதிக்க வேண்டும். நான் குதித்ததைப் பார்த்து லெமையனுக்கே பேச்சு வரவில்லை.

அன்ரன்: "அண்ணை, சப்பாத்து நிலத்தை விட்டே கிளம்பேல்லை."

பொறாமை.

ஈட்டியோடு, லெமையனுக்குப் பக்கத்தில், பின்னால் ஒட்டகச்சிவிங்கி. நல்ல படம். ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். கம்பெனி என்னைக் கென்யாவுக்கு அனுப்பியிருக்கிறது, திங்கள் திரும்புவேன் என்று குரல் பதிவும் போட்டேன்.

"உது வேண்டாம் அண்ணை. அக்கா நம்பிப்போடுவா."

"நம்பத்தானேடா அனுப்பிறது."

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மழைத்தூறல். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஜெசிந்தாவின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. சின்னப் பதிவுதான், நாலு தரம் கேட்டேன்.

"நாட்டை விட்டு வெளிக்கிடேலாது எண்டுதானே உங்கட அம்மா செத்ததுக்கும் நீங்கள் வரேல்லை. நான்தான் நிண்டு எல்லாம் செய்தனான். இப்ப கென்யாவுக்குப் போக விட்டவங்களோ? அப்ப வர மனமில்லாமல்தான் இருந்தனீங்கள். அங்க ஆரும் இருந்தா மறைக்காமல் சொல்லுங்கோ."

எடுத்தேன். மணி அடித்து நின்றது. திரும்ப எடுத்தேன். பிறகு அடிக்கவே இல்லை, நிற்பாட்டி வைத்துவிட்டாள்.

சாப்பிடவில்லை. அன்ரன் பானையைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தான். பேசியிருக்கலாம்.

14 ஏப்ரல், திங்கள்

லீவு சொன்னேன், வயிற்றுக் குத்து என்று. ஒரு மணிக்கு ஜெசிந்தா போனை எடுத்தாள். வீடியோவில் முகம் காட்டவில்லை, வீட்டு முகட்டைத்தான் காட்டினாள்.

"பகிடிக்குச் சொன்னனான். இது மெல்பேண்தான்."

"மெல்பேணில சிங்கமோ?"

"வேலிக்குள்ள."

"நேற்றுக் கென்யா, இண்டைக்கு மெல்பேண். நாளைக்கு?"

அன்ரனைப் பேச விட்டேன். "அக்கா, சத்தியமா இஞ்சதான்" என்றான். "நீயும் அவரோட ஒரே பானையில சாப்பிடுறனி" என்றாள். அதோடு அவன் கதை முடிந்தது.

பிறகு கேட்டாள்: "இப்ப பாஸ்போட் தந்திருப்பாங்கள்தானே, அதைக் காட்டுங்கோ. கென்யா முத்திரை இல்லாட்டி நம்பிறன்."

பாஸ்போட் எங்கே இருக்கிறது? படகில் வந்தவன் நான். அடுத்த மாசம் நிரந்தர விசா, அதற்குப் பிறகு பாஸ்போட், பிறகு உன்னைக் கூப்பிடுவேன். ஒவ்வொரு மாதமும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். இல்லை என்றால் நம்பமாட்டாள், நாளைக்குக் காட்டுகிறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

அன்ரன்: "இமிகிரேசன் அனுப்பின அந்தக் கடிதத்தைக் காட்டுங்கோ அண்ணை. வேற வழி இல்லை."

கடிதம் கட்டிலுக்கடியில், உடுப்புப் பைக்குள். காட்டினால் நான் எங்கும் போகவில்லை என்பது தெரிந்துவிடும். மற்றதும் தெரிந்துவிடும். நான் எட்டாம் வகுப்பு. அவள் ஏ.எல். பாஸ் பண்ணினவள், ஒரு வரி விடாமல் வாசிப்பாள்.

பையை வெளியே எடுத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

காலையில் வேலை. பெட்டிகள் அடுக்கிய ஒரு பலட்டைச் சரித்துவிட்டேன். என் சரித்திரத்தில் முதல் தடவை.

சாப்பாட்டு நேரம் காருக்குள் இருந்து கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீல அடையாளம் விழுந்தது. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அவளே எடுத்தாள். முகம் தெரிந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடி எப்போது வாங்கினாளோ தெரியாது.

"வெளிய போனா திரும்ப விட மாட்டம் எண்டு எழுதிக் கிடக்கு."

"ஓம்."

"அப்ப கென்யா பொய்."

"பொய்."

"நிரந்தர விசா இல்லை எண்டும் கிடக்கு. கோட்டில வழக்கு முடியுமட்டும் இருக்கலாமாம்."

"ஓம்."

"அடுத்த மாசம் எண்டு இதில எங்க கிடக்கு?"

கார்க் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"கடிதம் வந்து நாலு வருசம்."

"ஓம்."

"நாலு வருசமா மாசாமாசம் நான் கோயில்ல நேத்தி வைச்சனான், உங்கட அடுத்த மாசத்துக்கு."

வெளியே லொறி ஒன்று பின்பக்கமாக வந்தது, பீப் பீப் என்று. போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இஞ்சேருங்கோ. கதை எவ்வளவும் சொல்லுங்கோ, நான் கேக்கிறன். திகதி மட்டும் சொல்லாதேங்கோ."

சரி என்றேன்.

மூக்கைத் துடைத்தாள். இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டாள். மடியில் பாணும் டின்மீனும். நண்டுக்கறி என்றேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"பெரிய நண்டோ?"

பெரிய நண்டு என்றேன்.