கிளென்மோரிப் பாலத்தில் மடக்கிய குடை

மேல்பிரிவு,
கிளென்மோரித் தோட்டம்,
நோர்வூட்.

அன்பு மகள் பிரியந்திக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணன் ஜெயகாந்தனும் அண்ணி சுலக்ஷனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன்னிடம் இருந்துவிட்டு நான் ஊர் திரும்பி ஐந்து வாரம் ஆகிறது, நீ என்னோடு பேசியது மூன்றே தரம், மூன்று தரமும் மருந்து குடிச்சீங்களா, அங்க மழையா என்று கேட்டுவிட்டு டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். இந்த விஷயத்தைப் போனில் எடுத்தால் இரண்டாவது வார்த்தையிலேயே வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி எடுத்துப் படி. என்னுடையது அஞ்சாம் வகுப்பு எழுத்து, பிழை இருந்தால் உனக்குள்ளேயே திருத்திக்கொள்.

இங்கே மழை விட்டபாடில்லை, கோயில் வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருக்கிறது, அண்ணன் ஆட்டோவைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வருகிறான். போன வாரம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், கொஞ்சம் கூடியிருக்கிறதாம், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், சுலக்ஷனா அதைப் பிடித்துக்கொண்டு குழம்பில் உப்பே போடுவதில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற எல்லோரும் வெளிநாடு எப்படி இருந்தது என்று கேட்டு வந்தார்கள். அங்கேயும் குளிர்தான் என்றேன், அவ்வளவுதானா என்று முகம் சுருங்கிப் போய்விட்டார்கள். நான் என்ன செய்ய, இல்லாததைச் சேர்த்துச் சொல்ல எனக்கு வராது. முந்தாநாள் அண்ணன் உன் செய்தியைச் சொன்னான். வைகாசியில பிள்ள பொறக்கும்போது அம்மாவ மறுபடி அனுப்புண்ணே, டிக்கெட் நாங்க போடுறோம், ஆனா இந்தத் தடவை நான் சொல்றபடி இருக்கணும்னு சொல்லிடு, அவரு ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் வருவாங்க, அவங்களுக்கு அம்மா டீச்சர்னுதான் தெரியும் என்று சொன்னாயாம். இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆட்டோ டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ என்னைக் கிளாஸ்கோவிலிருந்து அந்தச் சின்ன ஊருக்கு இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போனது ஆசையோடுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்ம தோட்டத்துப் பேருல அங்க ஒரு ஊரு இருக்கும்மா, காட்ட வெட்டி நம்ம மலையத் தொறந்த துரை அந்த ஊர்க்காரராம், லீவு கெடச்சா போவோம் என்று நான் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். பஸ் நின்ற இடத்தில் கிளென்மோரி என்று போட்டிருந்த பலகைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தாய். நம் தோட்டத்துச் சந்தியில் இருக்கிற பலகையும் அதே பெயர்தான், ஆனால் அதற்குப் பக்கத்தில் நின்று என்னை ஒருவரும் படம் எடுத்ததில்லை. ஊர் நன்றாகத்தான் இருந்தது. ஒரே தெரு, கறுப்புக் கல் வீடுகள், ஒரு வேதக் கோயில், ரொட்டிக் கடை, கம்பளி விற்கிற கடை, தெரு முடிகிற இடத்தில் ஆறும் கல் பாலமும். சுற்றிலும் மலை, ஆனால் ஒரு மலையிலும் தேயிலைச் செடி இல்லை, மொத்தமாகக் கவ்வாத்து வெட்டிப்போட்டு மறந்துவிட்ட மாதிரி மொட்டையாகக் கிடந்தது, அதில் ஆடு மேய்ந்தது. தங்க இடம் கொடுத்த மோய்ரா அம்மா என்னைவிட மூத்தவள், தனியாள், வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது நீ இங்கிலீசில் என்னைக் காட்டிச் சொன்னாய். இங்கிலீசு எனக்குத் தெரியாது என்பது சரி. ஆனால் டீச்சர் என்றால் தெரியாதா? ரேகா என்றும் சொன்னாய். வேறு யாரையோ சொல்கிறாய் என்று நினைத்து முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை. சரி, பிள்ளை ஏதோ நினைத்துச் சொல்லுகிறது என்று சிரித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் பாலத்தில் நடந்ததைத்தான் நீ மறக்காமல் வைத்திருக்கிறாய். தூறல், உன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நீ தொப்பிக் கோட்டு போட்டிருந்தாய். பாலத்து நடைபாதையில் ஓராள்தான் போகலாம். எதிரே அந்த மனுஷன் வந்தார், ஆறடி இருப்பார், வெள்ளை மீசை, நீளக் கோட்டு, கையில் தடி, கூட ஒரு நாய். சத்தியமாக நான் ஒன்றும் யோசிக்கவில்லை தாயி. கை தானாகக் குடையை மடக்கியது, கால் தானாக ரோட்டில் இறங்கியது, ஓரத்துத் தண்ணீரில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹார்ன் அடித்தான். அந்த மனுஷன் பதறிப் போனார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னென்னவோ சொன்னார், கையைக் கொடுத்து என்னை மேலே ஏற்றிவிட்டார், நாய் என் சேலையை முகர்ந்து பார்த்தது. நீ அவரிடம் சாரி சாரி என்று எத்தனை தரம் சொன்னாய் என்று நான் எண்ணவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, ஏம்மா இப்படி என் மானத்த வாங்குறீங்க, இங்க யாரும்மா யாருக்குக் குடைய மடக்குறாங்க, அவரு யாரோ ரிட்டயர் ஆன தபால்காரரு, அவருக்குப் போயி சாக்கடையில எறங்கி நிக்கிறீங்களே என்று கத்தினாய். கத்திவிட்டு நீயே அழுதாய். நான் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. எனக்கு எட்டு வயது, வெள்ளைத் துரை இருந்த கடைசிக் காலம். துரை வந்தால் தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், ரோட்டை விட்டுத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். ஒரு நாள் உன் தாத்தா என்னைக் காய்ச்சலோடு தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளை நனைந்துவிடும் என்று குடையை மடக்காமலே நின்றுவிட்டார். மறுநாள் விடிகாலை பெயர் கூப்பிடுகிற பெரட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் விரித்த குடையைக் கையில் கொடுத்துப் பொழுது சாயும்வரை ஆபீசு வாசலில் நிற்க வைத்தார்கள். அன்றைக்கு மழையே இல்லை, நல்ல வெயில். எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் காய்ச்சலில் லயத்து வாசலில் படுத்துக்கொண்டு பார்த்தேன். அதற்குப் பிறகு வெள்ளைத் துரை போனார், சிங்களத் துரை வந்தார், தமிழ்த் துரையும் வந்தார், குடை மடங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது ஒருவரும் மடக்குவதில்லை, சின்னத் துரை மோட்டார் சைக்கிளில் போனால் பிள்ளைகள் கை காட்டுகிறார்கள், நானும் மடக்குவதில்லை. அந்த ஊரில் அந்தக் கோட்டையும் மீசையையும் பார்த்ததும் கைக்கு மட்டும் அது ஞாபகம் வந்துவிட்டது. வெட்கம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இனி நீ அறியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன், கோபப்படாமல் படி. அன்று காலையில், பாலத்துக்குப் போவதற்கு முன்பே, மோய்ரா அம்மாவுக்கு எல்லாம் தெரியும். பெரட்டு நேரத்துக்கு எனக்கு முழிப்புத் தட்டிவிடும், எந்த நாடாக இருந்தால் என்ன. நீ தூங்கிக்கொண்டிருந்தாய், நான் கீழே குசினிக்குப் போனேன், அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பை போட்ட தேத்தண்ணி கொடுத்தாள், வெறும் தூள், நிறம் மட்டும் இருந்தது. கோப்பையை வாங்கின என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விரல் வெடிப்புக்குள் இருக்கிற கறை உனக்குத்தான் தெரியுமே, சவுக்காரம் போட்டாலும் போகாது. அவள் கேட்டாள், என்ன கேட்டாள் என்று தெரியாது, ஆனால் கேட்டது புரிந்தது. நான் மாவுக் கிண்ணத்தை முதுகுப் பக்கம் கூடையாக வைத்துக்கொண்டு, மேசையில் இருந்த கொத்தமல்லித் தழையை இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிப் பின்னால் போட்டுக் காட்டினேன். முப்பத்தெட்டு என்று விரலை விரித்துக் காட்டினேன். என் நெஞ்சைத் தொட்டு ராக்காயி என்றேன். நாலு தரம் சொல்லிப் பார்த்தாள், நாலாவது தரம் சரியாக வந்தது. அப்புறம் அவள் என்ன செய்தாள் தெரியுமா, சுவரில் மாட்டியிருந்த தன் அம்மாவின் படத்தைக் காட்டினாள். கையில் விளக்குமாறு பிடித்துக் கூட்டுகிற மாதிரி காட்டினாள், ஜன்னல் வழியாக மேட்டுப் பங்களாவைக் காட்டினாள். யாரோ கனமாக நடந்து வருகிற மாதிரி தரையில் காலை வைத்துத் தட்டினாள், உடனே விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, சுவரில் மூக்கு முட்ட நின்றாள். துரை வந்தால் வேலைக்காரியின் முகம் அவர் கண்ணில் படக் கூடாதாம். நம் மலையைத் திறந்த துரையின் வீடு என்று முதல் நாள் நீ காட்டினாயே, அதே பங்களாதான் அது. அவள் சுவரைப் பார்த்து நிற்கிற அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து நீ இறங்கி வந்து, அம்மா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவங்க என்று அவளிடம் சொல்லியிருப்பாய் போல, மேத்ஸ் என்ற வார்த்தை காதில் விழுந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், என் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். புறப்படும்போது உனக்குக் கேட்கிற மாதிரி ரேகா என்று சொல்லிக் கட்டிப்பிடித்தாள். பிடித்த பிடியில் காதுக்குள்ளே ராக்காயி என்றாள். பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாய், அதனால் நான் சொல்லவில்லை.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று தெரியாத மடச்சி இல்லை நான். டவுன் பள்ளிக்கூடத்தில் தோட்டத்துப் பிள்ளை என்று உன்னைப் பின் பெஞ்சில் உட்கார வைத்ததும், நீ நாலு நாள் போக மாட்டேன் என்று அடுப்படியில் படுத்துக்கொண்டதும் நான் மறக்கவில்லை. அங்கே ஒருவருக்கும் தெரியாத இடத்தில் வேறு மாதிரி இருந்து பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். அதில் தப்பு இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். குடையை மடக்கியது என் கை, அதற்குப் புத்தி கிடையாது. என்னை டீச்சர் என்று சொன்னது நீ, யோசித்துச் சொன்னாய். பாலத்துத் தண்ணீரில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது, வலிக்கவில்லை. வலித்தது வாசலில் பின்னால் திரும்பிப் பார்த்தேனே, அப்போதுதான்.

வைகாசியில் வருகிறேன். உனக்குப் பத்தியம் சமைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட என்னைவிட யார் இருக்கிறார்கள், உன் அப்பா இருந்திருந்தால் இந்நேரம் பெட்டியே கட்டியிருப்பார். ஆனால் டீச்சராக வர மாட்டேன். மாப்பிள்ளையின் ஆபீசு ஆட்கள் வரும்போது இது என் அம்மா, முப்பத்தெட்டு வருஷம் மலையில் கொழுந்து பறித்தவங்க என்று நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை என்றால் டிக்கெட் போடாதே. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், இங்கிருந்தே திருநீறு அனுப்புகிறேன், பிள்ளைக்கு நீயே பூசிவிடு. யோசித்துப் பதில் சொல், அவசரமில்லை.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே, தண்ணீரில் விழுங்கு, நர்ஸாக இருக்கிற உனக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது பார். படியில் ஈரம் இருந்தால் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீயும் உன் குடும்பமும் தலை நிமிர்ந்து நல்லா இருக்க வேண்டும், வேறு ஆசை எனக்கு இல்லை.

டிக்கெட் போடுவதாக இருந்தால் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரைச் சரியாகப் போடு, ஓர் எழுத்து மாறினாலும் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் ஏற்ற மாட்டார்களாம்.

இப்படிக்கு
உன் அம்மா
ராக்காயி